எத்தனை இலை போடுவது? ஜாவா சர்வரில் கனெக்ஷன் பூல்

பெருங்குடியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், ஒரு கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் இணையதளத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தோம். வருடம் முழுக்க அமைதியாக ஓடும். செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி நாள் என்றால் மட்டும் காலை பத்து மணியிலிருந்தே கூட்டம் குவியும். அப்படி ஒரு கடைசி நாளில் தளம் ஏறக்குறைய நின்றுவிட்டது. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அரை நிமிடம் கழித்துப் பிழைச் செய்தி வருகிறது. சர்வரின் சிபியூவைப் பார்த்தால் பத்து சதவீதம்கூட இல்லை. டேட்டாபேஸும் சும்மாதான் இருந்தது. இரண்டு பக்கமும் வேலை இல்லாமல் இருக்க, மாணவர்களும் பெற்றோரும் நடுவில் காத்துக் கிடந்தார்கள்.

லாகில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: பூலில் (டேட்டாபேஸுக்கான கனெக்ஷன்களைத் திறந்து தயாராக வைத்திருக்கும் இடத்தில்) கனெக்ஷன் கிடைக்கவில்லை, 30000 மில்லிசெகண்ட் காத்திருந்தாயிற்று. யாருக்கும் முதலில் தோன்றுவதுதான் எங்களுக்கும் தோன்றியது. பூல் சைஸ் 10 என்று இருக்கிறது, 50 ஆக்கிவிடலாம். நான்கு சர்வர்களையும் வரிசையாக ரீஸ்டார்ட் செய்தோம். இரண்டு சர்வர்கள் எழுந்தன. மூன்றாவதும் நான்காவதும் எழவே இல்லை. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்கியூஎல் கையை விரித்துவிட்டது: மீதி இடங்கள் சூப்பர்யூசருக்கு, அதாவது நிர்வாகிக்கு, ஒதுக்கப்பட்டவை.

கணக்கு எளிது. போஸ்ட்கிரெஸில் மொத்தக் கனெக்ஷன் வரம்பு, யாரும் மாற்றாவிட்டால், 100. அதில் 3 நிர்வாகிக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். மீதி 97. நாங்கள் பயன்படுத்திய ஹிகாரிசிபி என்ற பூல் லைப்ரரி, குறைந்தபட்ச எண்ணிக்கை என்று தனியாக எதுவும் கொடுக்காவிட்டால், அதிகபட்ச எண்ணிக்கை வரை கனெக்ஷன்களைத் திறந்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். முதல் சர்வர் 50 எடுத்தது, இரண்டாவது 47 எடுத்தது. அவ்வளவுதான், இடம் முடிந்தது. நாலு சர்வரில் மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த தளத்தை, எண்ணைக் கூட்டியே இரண்டு சர்வராகக் குறைத்துவிட்டோம்.

அந்த நெரிசலிலும் எங்கள் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) மட்டும் டேட்டாபேஸுக்குள் நுழைந்து பார்த்துவிட்டார். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவர் கண்டது இது: திறந்திருந்த கனெக்ஷன்களில் தொண்ணூறுக்கு மேல் ஒரே நிலையில் நின்றன, "ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்". அதாவது டிரான்ஸாக்ஷனை, ஒன்றாகவே முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைகளின் கட்டை, தொடங்கிவிட்டு, அடுத்த குவெரி (டேட்டாபேஸுக்கான கட்டளை) எதையும் அனுப்பாமல், ஆப் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்கு வரும் முன், பூல் என்ற ஒன்று எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டேட்டாபேஸ் கனெக்ஷன் திறப்பது மலிவான வேலை இல்லை. முதலில் டிசிபி கைகுலுக்கல். பிறகு டிஎல்எஸ் பேச்சுவார்த்தை. அப்புறம் பாஸ்வேர்ட் சரிபார்ப்பு. போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து இயல்பாக வரும் ஸ்கிராம் முறை, திருடன் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பது கடினமாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே 4096 சுற்று ஹாஷ் போடும். இதெல்லாம் முடிய இரண்டு பக்கமும் ஐந்தாறு தடவை செய்தி போய் வர வேண்டும். ஆப் சென்னையில், டேட்டாபேஸ் மும்பையில், ஒரு தடவை போய்வர 20 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு குவெரிகூட ஓடாமலே 100 மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகு ஓடும் குவெரியோ, பிரைமரி கீயை வைத்து ஒரு வரிசையை எடுப்பது என்றால், ஒரு மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அந்தப் பக்கத்திலும் செலவு உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு தனிப் புராசஸைப் பிறப்பிக்கிறது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் ஒரு த்ரெட் (ஒரே புராசஸுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு) ஒதுக்குகிறது.

ஆகவே திறந்ததை மூடாமல் வைத்திருந்து, கேட்பவருக்குக் கொடுத்து, முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாடுதான் பூல். ஜாவாவில் டேட்டாசோர்ஸ் என்ற இன்டர்ஃபேஸ் இதை மறைத்துவிடுகிறது. நீங்கள் வழக்கம்போலக் கனெக்ஷன் கேட்கிறீர்கள், வழக்கம்போல குளோஸ் செய்கிறீர்கள். ஆனால் அந்தக் குளோஸ் கனெக்ஷனை மூடுவதில்லை, பூலுக்குத் திருப்பித் தருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், "பூல்தான் திறந்தே வைத்திருக்கிறதே, நாம் ஏன் மூட வேண்டும்" என்று குளோஸ் வரிகளையெல்லாம் நீக்கிய ஒரு கோடை நான் ரிவ்யூவில் பார்த்திருக்கிறேன். எழுதியவர் நல்ல நோக்கத்தோடுதான் செய்திருந்தார். அது புரொடக்ஷனுக்குப் போயிருந்தால் சில நிமிடங்களில் பூல் காலியாகியிருக்கும்.

பூலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் பெரிய வேலை: அது ஒரு வரம்பு. டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் த்ரெட்கள், இயல்பாக 200. இருநூறு பேரும் ஒரே நேரத்தில் டேட்டாபேஸ் மேல் பாயாமல், வாசலில் நிறுத்தி உள்ளே விடுவது பூல்தான்.

கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாற எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். அறுபது இலை போட்டால் எல்லோருக்கும் சூடாகப் போய்ச் சேரும், எழுந்து அடுத்த பந்திக்கு இடம் விடுவார்கள். கூட்டமாக இருக்கிறதே என்று முந்நூறு இலை போட்டால் என்ன ஆகும்? ஒரு வரிசைக்குச் சோறு வந்திருக்கும், சாம்பார் வந்திருக்காது. இன்னொரு வரிசையில் ரசத்துக்குக் காத்திருப்பார்கள். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், யாரும் சாப்பிட்டு எழவில்லை. டேட்டாபேஸில் பரிமாறுகிறவர்கள் சிபியூ கோர்களும் டிஸ்க்கும். எட்டு கோர் உள்ள இயந்திரம் ஒரு கணத்தில் எட்டு வேலையைத்தான் உண்மையில் செய்யும். மற்றவற்றையெல்லாம் மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். அந்த மாற்றலுக்கும், லாக் போட்டிக்கும், கேஷ் கலைவதற்கும் நேரம் போகும். ஒரு அளவைத் தாண்டினால் கூடுதல் கனெக்ஷன் வேகத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது.

எந்த அளவு என்பதற்கு போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அதோடு வேலை செய்யும் டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவது. எட்டு கோர், ஒரு டிஸ்க் என்றால் 17. சுழலும் டிஸ்க் காலத்துக் கணக்கு என்பதால் இன்றைய எஸ்எஸ்டிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விடை எந்த ரகமான எண் என்பதை அது சரியாகக் காட்டிவிடுகிறது. இருபது, முப்பது. முந்நூறு இல்லை. இந்த எண் மொத்தத்துக்கு, அதாவது எல்லா ஆப் சர்வர்களுக்கும் சேர்த்து. இதை மறந்து, சர்வருக்கு 20 என்று வைத்துவிட்டு, பிறகு சர்வர்களைப் பத்தாகப் பெருக்குகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது எங்கள் கதைக்குத் திரும்பலாம். தேவைப்படும் கனெக்ஷன் எத்தனை என்பதற்கு லிட்டில் விதி என்ற ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. ஒரு செகண்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள், இரண்டையும் பெருக்கினால் சராசரியாக எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்பது கிடைக்கும். கட்டணம் கட்டும் கோரிக்கை செகண்டுக்கு 15 வந்தது. டேட்டாபேஸ் வேலை மட்டும் என்றால் ஒன்றுக்கு 40 மில்லிசெகண்ட். பதினைந்தை 0.04-ஆல் பெருக்கினால் 0.6. ஒரு கனெக்ஷன்கூட முழுதாகத் தேவையில்லை!

ஆனால் எங்கள் கோடு, டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, மாணவர் பெயரில் ஒரு வரிசையை எழுதி, அந்த டிரான்ஸாக்ஷன் திறந்திருக்கும்போதே பேமென்ட் கேட்வேயைக் கூப்பிட்டு, பதில் வந்ததும் நிலையை மாற்றி, கமிட் செய்தது, அதாவது டிரான்ஸாக்ஷனை முடித்தது. சாதாரண நாளில் கேட்வே 0.4 செகண்டில் பதில் சொல்லும். அந்த வேகத்தில், செகண்டுக்கு 15 பேர் வந்தாலும் 6 கனெக்ஷன். எங்களிடம் 40 இருந்தது, ஆகவே டெஸ்டிங்கில் எதுவும் தெரியவில்லை. கடைசி நாளில் கேட்வே பக்கமும் நெரிசல். பதில் வர 6 செகண்ட் ஆயிற்று. பதினைந்து தடவை ஆறு, 90. நாற்பது எந்த மூலைக்கு?

ஆக, யாரோ ஒரு வங்கியின் பதிலுக்காக எங்கள் டேட்டாபேஸ் கனெக்ஷன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. சிபியூ சும்மா இருந்ததும் அதனால்தான். பூல் சைஸை எவ்வளவு கூட்டினாலும் கேட்வே இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அதுவும் நிரம்பிவிடும்.

தீர்வு டிரான்ஸாக்ஷனை இரண்டாகப் பிரிப்பது. முதலில் "நிலுவை" என்று எழுதிக் கமிட் செய்துவிடு. பிறகு, கையில் கனெக்ஷன் இல்லாமல், கேட்வேயைக் கூப்பிடு. பதில் வந்ததும் புதிதாக ஒரு டிரான்ஸாக்ஷனில் நிலையை மாற்று. இடையில் சர்வர் விழுந்துவிட்டால் நிலுவையிலேயே நிற்கும் வரிசைகளைப் பொறுக்கி எடுத்து, கேட்வேயிடம் நிலை கேட்டுச் சரிசெய்ய ஒரு தனி வேலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும். அது இல்லாமல் இந்தப் பிரிப்பைச் செய்யக் கூடாது. பணம் போனவருக்கு ரசீது வராது.

இதைச் செய்து லோடு டெஸ்ட் ஓட்டினோம். ஆச்சரியம், பூல் மறுபடியும் நிரம்பியது. ஆனால் இந்த முறை டேட்டாபேஸ் பக்கம் பார்த்தால் நிலை மாறியிருந்தது. "ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்" போய், வெறும் "ஐடில்". ஹிகாரியின் கணக்கில் அத்தனையும் பயன்பாட்டில் இருக்கின்றன, டேட்டாபேஸின் கணக்கில் அத்தனையும் சும்மா இருக்கின்றன. டிரான்ஸாக்ஷன் முடிந்துவிட்டது, கனெக்ஷன் மட்டும் திரும்பி வரவில்லை. காரணம், நாங்கள் ஆப் எழுதப் பயன்படுத்திய ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கின் "ஓப்பன் இன் வியூ" அமைப்பு. இயல்பாகவே இயங்கு நிலையில் வரும் இது, ஹைபர்னேட் (ஜாவாவிலிருந்து டேட்டாபேஸைக் கையாளும் லைப்ரரி) செஷனை வலைக் கோரிக்கை முடியும்வரை திறந்தே வைத்திருக்கும். அந்த செஷன், முதல் குவெரிக்கு வாங்கிய கனெக்ஷனை விடாமல் பிடித்திருக்கும். ஆப் தொடங்கும்போது லாகில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரி வரும். வருடக்கணக்கில் எங்கள் கண் முன்னாலேயே ஓடிய வரி அது. அதை அணைத்தோம். மூன்று திரைகளில் "லேஸி" பிழைகள் (செஷன் மூடிய பிறகு தரவைக் கேட்பதால் வருபவை) வந்தன, தேவையான தரவை சர்வீஸ் மெத்தடுக்குள்ளேயே எடுத்து அவற்றைச் சரிசெய்தோம். அதன்பிறகு பூல் சைஸைச் சர்வருக்கு 5 என்று குறைத்தோம். மொத்தம் 20. அடுத்த செமஸ்டர் கடைசி நாளுக்கு அது போதும் என்றே இருந்தது.

பூலின் மற்ற அமைப்புகளில் எல்லாமும் எண்ணிக்கை அளவுக்கு முக்கியமில்லை. நேர வரம்புகள் மட்டும் மிக முக்கியம்.

முதலாவது, காத்திருக்கும் நேரம். ஹிகாரியில் இதன் பெயர் கனெக்ஷன்டைம்அவுட். பெயரைப் பார்த்து, டேட்டாபேஸோடு தொடர்பு ஏற்படுத்தும் நேரம் என்று நினைக்கிறார்கள். பூலிலிருந்து ஒரு கனெக்ஷன் கைக்கு வர எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதுதான் அது. இயல்பு மதிப்பு 30 செகண்ட். கட்டணம் கட்டும் அப்பா ஐந்து செகண்டில் ரெஃப்ரெஷ் அழுத்திவிடுவார். அவருடைய பழைய கோரிக்கை வரிசையில் நிற்கும், புதியதும் பின்னால் சேரும். யாருக்கும் வேண்டாத கோரிக்கைகளுக்காக வரிசை நீண்டுகொண்டே போகும். நான் இதை 3 செகண்டுக்கு மேல் வைப்பதில்லை.

டாம்கேட்டின் சொந்த பூலில் நிலைமை இதைவிட மோசம். கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் கோப்பில் ரிசோர்ஸ் என்று எழுதி ஜேஎன்டிஐ (பெயர் சொல்லித் தேடி எடுக்கும் ஜாவா ஏற்பாடு) வழியாக எடுக்கும் பழைய வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தனியாக ஃபேக்டரி (பூலை உருவாக்கும் கிளாஸ்) எதுவும் குறிப்பிடாவிட்டால், டாம்கேட் 8-இலிருந்து பின்னால் இயங்குவது டிபிசிபி 2 என்ற பூல். அதில் அதிகபட்சக் கனெக்ஷன் 8, காத்திருக்கும் நேரமோ வரம்பே இல்லாதது. மைனஸ் ஒன்று என்று இருக்கும், அதாவது கிடைக்கும்வரை. எட்டும் தீர்ந்துவிட்டால் இருநூறு த்ரெட்களும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும், லாகில் ஒரு பிழைகூட வராது. தளம் செத்துப்போயிருக்கும், பதிவேட்டில் தடயம் இருக்காது. த்ரெட் டம்ப் (எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தால்தான் அத்தனையும் ஒரே இடத்தில் காத்திருப்பது தெரியும்.

இதோடு ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. பழைய டிபிசிபியில் மேக்ஸ்ஆக்டிவ், மேக்ஸ்வெயிட் என்று இருந்தவை, டிபிசிபி 2-இல் மேக்ஸ்டோட்டல், மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆகிவிட்டன. டாம்கேட் 7-இலிருந்து கோப்பை அப்படியே நகலெடுத்து வந்தால், பழைய பெயர்கள் புறக்கணிக்கப்பட்டு, எட்டும் முடிவில்லாக் காத்திருப்பும் அமலுக்கு வரும். தொடக்கத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும் லாகில் வரும். டாம்கேட்டோடு வரும் இன்னொரு பூலான டாம்கேட் ஜேடிபிசியிலோ, பழைய பெயர்களே செல்லும்! உங்கள் ரிசோர்ஸில் ஃபேக்டரி எது என்று முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள். அப்புறம், டிரைவர் ஜார் கோப்பு டாம்கேட்டின் லிப் கோப்புறையில் இருக்க வேண்டும், உங்கள் வார் கோப்புக்குள் இருந்தால் சர்வர் உருவாக்கும் பூலுக்கு அது தெரியாது.

இரண்டாவது, ஆயுள். கிண்டியில் ஓர் அலுவலகத்தின் உள்வேலை மென்பொருள்: தினமும் காலை ஒன்பது மணிக்கு முதலில் லாகின் செய்பவருக்குப் பிழை வரும், மறுபடி முயன்றால் சரியாகிவிடும். முதல் ஆளாக வரும் அக்கவுண்ட்ஸ் அக்கா இரண்டு தடவை அழுத்துவதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். மைஎஸ்கியூஎல், வேலை இல்லாத கனெக்ஷனை 28800 செகண்டில், அதாவது எட்டு மணி நேரத்தில், அறுத்துவிடும். மாலை ஏழுக்கு எல்லோரும் கிளம்பினால் விடிவதற்கு முன்பே கனெக்ஷன்கள் செத்துவிடும், பூலுக்கு அது தெரியாது. டாம்கேட் ஜேடிபிசி பூலில் கொடுக்கும் முன் சோதிக்கும் அமைப்பு இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கி, சோதனைக் குவெரி ஒன்றும் கொடுத்தோம். அக்கா மறுநாள் ஒரே தடவையில் உள்ளே போனார்.

ஹிகாரியில் கனெக்ஷனின் ஆயுள் இயல்பாக 30 நிமிடம், ஆகவே எட்டு மணி நேரப் பிரச்சினை வராது. ஆனால் நடுவில் இருக்கும் ஃபயர்வால்களும் நேட்களும் (முகவரி மாற்றித் தருபவை) இன்னும் பொறுமை குறைந்தவை. அமேசானின் நேட் கேட்வே 350 செகண்ட் அமைதியாக இருந்தாலே தொடர்பை மறந்துவிடும். பாதையில் எது மிகக் குறைவான நேரம் பொறுக்கும் என்று கண்டுபிடித்து, பூலின் ஆயுளையோ கீப்அலைவ் (உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும்) நேரத்தையோ அதற்கும் கீழே வைக்க வேண்டும்.

மூன்றாவது அதிகம் பேசப்படாதது, சாக்கெட் டைம்அவுட். இது பூலில் இல்லை, டிரைவரின் யூஆர்எல்லில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டின் ஜாவா டிரைவர்களிலும் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது எல்லையற்ற பொறுமை. டேட்டாபேஸ் இயந்திரம் திடீரென்று மின்சாரம் போய் விழுந்தால், விடைபெறும் பாக்கெட்கூட வராது. லினக்ஸ் இயல்பு அமைப்பில், அனுப்பியதற்குப் பதில் வராத டிசிபி தொடர்பைக் கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும். குவெரி ஏற்கெனவே போய்ச் சேர்ந்து, விடைக்காக மட்டும் காத்திருந்த த்ரெட் அதற்கும் மேலே நிற்கும். மாற்று டேட்டாபேஸ் ஒரே நிமிடத்தில் எழுந்துவிட்டாலும் உங்கள் பூல் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் மிக நீண்ட நியாயமான குவெரியைவிடச் சற்று அதிகமாக இதை வையுங்கள்.

ஒரு கோரிக்கைக்கே இரண்டு கனெக்ஷன் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது, கவனியுங்கள். தணிக்கைப் பதிவு எப்படியும் சேமிக்கப்பட வேண்டும் என்று ஸ்பிரிங்கில் "ரிக்வயர்ஸ் நியூ" (தனியாகப் புது டிரான்ஸாக்ஷன் வேண்டும்) போட்டால், முதல் டிரான்ஸாக்ஷனைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது கனெக்ஷன் கேட்கும். பூலில் 10, ஒரே நேரத்தில் 10 த்ரெட்கள் ஆளுக்கு ஒன்றை எடுத்துவிட்டால், பத்தும் இரண்டாவதுக்குக் காத்து நிற்கும், தருவதற்கு யாரிடமும் இல்லை. இதற்கு மட்டும் எண்ணைக் கூட்டுவது சரியான பதில். பத்து த்ரெட்டுக்கு 11 இருந்தால் போதும், யாராவது ஒருவர் முடித்துவிடுவார், அவர் விட்டதை அடுத்தவர் எடுப்பார்.

கனெக்ஷன் திருப்பித் தரப்படாமல் ஒழுகுகிறதா என்று சந்தேகம் வந்தால், ஹிகாரியில் லீக்டிடெக்ஷன்த்ரெஷோல்ட் என்பதற்கு 10 செகண்ட் கொடுத்துப் பாருங்கள். அதைத் தாண்டி வைத்திருக்கும் கோடு எது என்று ஸ்டாக் டிரேஸோடு லாகில் எழுதும். ஜாவா 7-இல் வந்த டிரை வித் ரிசோர்சஸ் முறையில் எழுதிய கோடில் ஒழுகல் அரிது. நான் பார்த்தவை பெரும்பாலும், நடுவில் ரிட்டர்ன் போட்டு வெளியேறும் பழைய ரிப்போர்ட் கோடுகள்.

ஜாவா 21-இல் வர்ச்சுவல் த்ரெட்கள் (ஆயிரக்கணக்கில் மலிவாக உருவாக்கக்கூடியவை) வந்த பிறகு இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிவிட்டது. இருநூறு என்ற த்ரெட் வரம்பு போய்விட்டால், ஆயிரக்கணக்கில் கோரிக்கைகள் உள்ளே வந்து பூலின் வாசலில் நிற்கும். அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற எண்ணை ஹிகாரி வெளியிடுகிறது. பயன்பாட்டில் உள்ள எண்ணைவிட, காத்திருப்போர் எண்ணைத்தான் டாஷ்போர்டில் பெரிதாக வைக்க வேண்டும் என்பேன்.

டிபிஏ எப்படி உள்ளே போனார் என்று சொல்வதாகச் சொன்னேன். நிர்வாகிக்கென்று ஒதுக்கிய அந்த 3 கனெக்ஷன்கள்தான். போஸ்ட்கிரெஸ் அவற்றை சூப்பர்யூசருக்கு மட்டுமே தரும். ஆப்பும் சூப்பர்யூசராகவே நுழைந்தால் அந்த மூன்றையும் அதுவே விழுங்கிவிடும். எங்கள் ஆப்புக்குத் தொடக்கத்திலேயே உரிமை குறைந்த தனி யூசரை உருவாக்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் அன்று காலை பத்தரை மணிக்கு, 97 இடமும் நிரம்பிய டேட்டாபேஸில், அவருக்கு ஒரு இடம் இருந்தது.